துண்டுக்குப் பின்னால் ஒரு குரல்

கள்ளக்குறிச்சியிலிருந்து மலைமேல் இருக்கும் கரியாலூர் போகும் பஸ்ஸில் ஒரு மலை விவசாயி என் பக்கத்து சீட்டில் இருந்தார். உள்ளங்கையெல்லாம் மரவள்ளிப் பால் கறை. பேசும்போது துண்டால் வாயை மறைத்துக்கொள்வார். மரவள்ளி நடுவது பற்றித் தான் போட்ட வீடியோவைப் போனில் காட்டினார். படத்தில் அவருடைய மரவள்ளிக் கொல்லை தெரிந்தது. ஆனால் பேசியது காசில்லாமல் கிடைக்கும் ஏஐ குரல். டிவி செய்தி மாதிரி இருந்தது.

“நீங்களே பேசலாமேங்க?”

“பேசிக்கினுதாங்க இருந்தேன். ‘காட்டான் பேச்சு’ன்னு கமெண்ட்டுல சிரிச்சாங்க. எம் பொண்ணு ஸ்கூல்லயும் அத்தப் போட்டுக் காட்டி சிரிச்சாங்களாம். அதோட வுட்டுட்டேன்.”

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தேன். கீழே யாரோ எழுதியிருந்தார்: “அண்ணா, உங்க குரல் ரொம்ப நல்லாருக்கு.”

“தங்கள் மேலான பாராட்டுக்கு மனமார்ந்த நன்றி” என்று அவர் பெயரில் பதில் போட்டிருந்தது. அந்தப் பதிலிலும் அவர் இல்லை.