திட்டின் தலையில் பச்சைப் புல்

கல்லுடைக்கப் போகிறேன் என்று கிளம்பிய புருஷன் வீட்டில் விட்டுப்போனது இரண்டே இரண்டு: ஒரு கடப்பாரை, ஒரு தங்கச்சி. அந்தக் கடப்பாரையை அவன் பெண்டாட்டி தூக்கிப் போட்ட வேகத்தைப் பார்த்து ஊர் அவளையே கடப்பாரை என்று கூப்பிட ஆரம்பித்தது. தங்கச்சிக்கு இளைப்பு. நாலு கூடை மண் தூக்கினால் நெஞ்சு துருத்தி மாதிரி ஊதும். போனவன் போனவன்தான், ஒரு தகவலும் இல்லை. அண்ணியும் நாத்தனாரும் ஒருத்திக்கு ஒருத்தி என்று மிஞ்சினார்கள்.

முன்னெல்லாம் விடிவதற்குள் நிலத்துக்காரர் வீட்டுக் கொல்லைக் கதவருகே போய் நிற்க வேண்டும். அவர் கை காட்டினால் வேலை, இல்லையென்றால் வந்த வழி. ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு அதில் பாதி. நாத்தனாரையோ அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். அரசாங்கத்தின் வேலை உறுதித் திட்டம் வந்துதான் அந்தக் கதவை மறக்கடித்தது. அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, அதுவும் அவரவர் பேங்க் கணக்கில். உடம்பு முடியாதவர்கள் மண் வெட்ட வேண்டாம், வெட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் போதும். நாத்தனார் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தன் காசில் மருந்து வாங்கிக்கொண்டு வந்தாள்.

"என்னடி, மந்திரி மாதிரி நடந்து வர்ற?" என்றாள் கடப்பாரை.

"மந்திரிக்கு இளைப்பு இருக்காது அண்ணி" என்று அவள் சிரித்தாள்.

குறை இல்லாமலா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கூலி வந்து சேர மாதக்கணக்காகும். கேட்டால் "மேலேருந்து வரணும்" என்பார்கள், அந்த மேல் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லாவற்றையும்விட அளவுதான் பெரிய கொடுமை. ஏரி வெட்டும்போது குழிக்கு நடுவே கொஞ்சம் மண்ணை வெட்டாமல் திட்டாக விட்டுவைக்க வேண்டும். பழைய தரை எந்த உயரத்தில் இருந்தது என்பதற்கு அந்தத் திட்டுதான் சாட்சி. ஓவர்சியர் வந்து அதன் தலையிலிருந்து அடிவரை டேப் பிடிப்பார். எவ்வளவு ஆழமோ அவ்வளவுதான் குழுவுக்குக் கூலி, எல்லோருக்கும் சமபங்கு. இளகிய மண்ணுக்குப் போட்ட கணக்கை எல்லா மண்ணுக்கும் பொருத்திய புண்ணியவான் யாரோ, அவன் ஆயுளில் மண்வெட்டியைத் தொட்டிருக்க மாட்டான்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஏரித் தரை பாறையாக இறுகிக் கிடந்தது. கடப்பாரையைப் போட்டால் கைதான் அதிர்ந்தது, மண் அசையவில்லை. முதல் அளவிலேயே கூலி பாதியாக விழுந்தது. அன்று குழுவில் ஒருத்தி, நாத்தனார் காதில் விழும்படியே சொன்னாள்.

"நாம வெட்டுறதே சாண், இதுல தண்ணி ஊத்துறவளுக்கும் பங்கா? அடுத்த தடவை அவளைச் சேர்க்க வேணாம்."

மற்றவர்கள் மறுத்துப் பேசவில்லை. இந்த வேலை போனால் நாத்தனாரை எந்த வாசலும் சேர்க்காது என்று கடப்பாரைக்குத் தெரியும். எப்படியாவது அளவைக் கூட்டிவிட்டால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

"ஆழம் கீழ போகலைன்னா மேல போகட்டுமே" என்றாள்.

குழு புரிந்துகொண்டு சிரித்தது. கடப்பாரை மண்ணைக் குழைத்துத் திட்டின் தலையில் ஏற்றினாள். அடிபம்புப் பக்கத்திலிருந்து புல்லை வேரும் மண்ணுமாகப் பெயர்த்துவந்து மேலே பதித்தாள். பார்த்தால் பிறந்ததிலிருந்தே அங்கேயே இருந்த புல் மாதிரி இருந்தது.

"வாடிடாமப் பாத்துக்கடி" என்று நாத்தனாரிடம் சொன்னாள்.

நாத்தனாரும் தினமும் குடத்து மிச்சத்தை ஊற்றி, பெற்ற பிள்ளையைப் போல அதைப் பார்த்துக்கொண்டாள். தான் குழுவுக்கு உபயோகமாக இருக்கிறோம் என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஓவர்சியர் வந்தார். டேப்பை எடுக்கவேயில்லை. சுற்றிலும் பார்த்தார். கண்ணுக்கெட்டியவரை புல் கருகி மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. இந்த ஒரு திட்டின் தலையில் மட்டும் பச்சைப் பசேல் என்று செழித்து நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள்கூட இவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"ஊரெல்லாம் வறட்சி, இங்க மட்டும் மழையா?" என்று அவர் புல்லைப் பிடித்து இழுத்தார். தொப்பி மாதிரி கையோடு வந்தது. "யார் செஞ்சது? சொல்லலைன்னா மொத்தக் குழுவுக்கும் வேலை கிடையாது."

கடப்பாரை வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி. நாத்தனார் குடத்தைக் கீழே வைத்தாள்.

"நான்தான் சார்."

"இவ்வளவு மண்ணையும் நீங்களேவா ஏத்துனீங்க?"

"ஆமா சார்." அதைச் சொல்வதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

அவளால் அது முடியாது என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். நாத்தனாரை நிறுத்திவிட்டார்கள், மற்றவர்களுக்கு வேலை நீடித்தது.

"மகராசி, நம்மளையெல்லாம் காப்பாத்திட்டா. ஆளுக்குக் கொஞ்சம் அவளுக்குக் குடுப்போம்" என்று குழு உருகியது. முதல் கூலியில் கொடுத்தார்கள். அடுத்த கூலியில் ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னொருத்திக்குக் கூரை மாற்றும் செலவு. அதற்கடுத்து யாரும் காரணம்கூடச் சொல்லவில்லை. நாத்தனார் யாரும் போக விரும்பாத கழிவுப் பஞ்சுக் கிடங்கில் வேலைக்குப் போனாள். இளைப்புக்காரி பஞ்சுத் தூசியில் உட்காருவது தெரிந்தே கிணற்றில் குதிப்பதுதான். தலையெல்லாம் வெள்ளையாகத் திரும்பி வருவாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள். கேட்டால், "தூசிதானே அண்ணி, பழகிடும்" என்பாள்.

நாளுக்கு நாள் அவள் இருமுவதைக் கேட்டுக் கேட்டு, ஒரு காலையில் கடப்பாரை நேராக ஓவர்சியர் ஆபீசுக்குப் போனாள்.

"சார், அந்தத் திட்டுல மண்ணு ஏத்தினது நான். புல்லு வச்சதும் நான். அவ பாவம், நான் சொல்லித் தண்ணி ஊத்தினா, அவ்வளவுதான். என்னை நிறுத்திட்டு அவளைச் சேர்த்துக்கங்க."

ஓவர்சியர் அவளை ஆச்சரியத்தோடு பார்க்கவில்லை.

"அவங்களை நிறுத்தின மறுநாளே இங்க வந்தாங்கம்மா" என்றார். "'எங்க அண்ணி இன்னைக்கு வரும், நான்தான் செஞ்சேன்னு சொல்லும். பாசத்துல பொய் சொல்லும் சார், நம்பாதீங்க'ன்னு சொன்னாங்க. நானும் அன்னைக்குப் பூரா பார்த்தேன். நீங்க வரல."

அவர் நோட்டைப் பிரித்துக்கொண்டார்.

"போங்கம்மா, போய் வேலையப் பாருங்க."

வெளியே வந்தாள். இடது பக்கம் பஞ்சுக் கிடங்கு, வலது பக்கம் ஏரி. கிடங்குக்குப் போய் அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை. ஏரிப் பக்கம் வேலைக்கு நடந்தாள்.