வளவுக்குள் எடுத்த படம்

நாகேஸ்வரி நாலு பெற்று இரண்டைத்தான் வளர்த்தாள். மூத்தவன் மகேந்திரராஜா, கடைசி யோகராணி. இடையில் பிறந்த இரண்டும் பெயர் வைக்க முன்பே போய்விட்டன. புருசனும் பெரிய புயலுக்கு அடுத்த வருடம் கண்ணை மூடிவிட்டார். அளவெட்டியில் அவள் இருந்த வீடும் வளவும் தாய்வழி வந்தவை. அவளுக்குத் தாய் கொடுத்தாள், தாய்க்கு அவளுடைய தாய் கொடுத்தாள். இனி அது யோகராணிக்கு. அதில் ஒருவருக்கும் வழக்கில்லை. ஆண்பிள்ளை பெண் எடுத்த வீட்டில் போய் இருப்பான் என்பதுதான் அந்தப் பகுதி வழமை.

மகேந்திரராஜா பெண்ணும் எடுக்கவில்லை. கொழும்பில் ஒரு கந்தோரில் கட்டடங்களுக்குப் பிளான் கீறிக்கொண்டிருந்தவன், எழுபத்தைந்தாம் ஆண்டு தை மாதம் மெல்பேணுக்கு வந்து சேர்ந்தான். வந்த இடத்தில் பிளான் கீற அவனை ஒருவரும் கூப்பிடவில்லை. ஸ்பிரிங்வேலுக்குப் பக்கத்தில் தகரப் பேணி அடிக்கிற பக்டரியில் மெசினுக்கு முன்னால் நின்றான். இருந்தது ஒரு வீட்டின் பின்னறை. இரண்டு கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. மற்றக் கட்டிலில் வாசுதேவன் என்று ஒரு கோயம்புத்தூர்க்காரன்.

வாசுதேவனிடம் ஒரு கமரா இருந்தது. அந்த ஐப்பசியில், அங்கே பூப்பூக்கிற காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனே கூட்டிக்கொண்டு போனான். நகரத்துக்குத் தெற்கே ஒரு பழைய மாளிகை. கட்டிய சீமானின் வம்சம் அற்றுப்போய், இப்போது சனம் ரிக்கற் எடுத்துப் பார்க்கிற நூதனசாலை. சிவப்புக் கல்லில் கோபுரம் மாதிரி ஒரு மூலை, முன்னால் பெரிய தூண்கள், கண்ணுக்கெட்டிய மட்டும் புல்வெளி, அதற்கு அங்காலே ஒரு குளமும் இரும்புப் பாலமும்.

“கையைக் கட்டிக்கிட்டு நிக்காதீங்க மகேந்திரன், வாட்ச்மேன் மாதிரி இருக்கு,” என்றான் வாசுதேவன், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. “அந்தத் தூண் மேல கையை வைங்க. நம்ம வீடுங்கற மாதிரி.”

“எங்கட வீடெண்டா நான் ஏன் ஐசே வாசல்ல நிக்கிறன்? உள்ளுக்க சாய்மனைக் கதிரையில கிடப்பன்.”

சிரித்தபடியே கையைத் தூணில் வைத்தான். அந்தச் சிரிப்புத்தான் படத்தில் விழுந்தது.

படம் கழுவி வந்த அன்றைக்கே ஊர்க்காரி சந்திரகலா அன்ரி கொழும்புக்குப் பறக்கிறாள் என்று அறிந்து ஓடினான். அந்த நாளில் மெல்பேணில் ஊராரைக் கைவிரல் விட்டு எண்ணலாம். போகிறவர் ஒருவர் கிடைத்தால் விடக்கூடாது. பெட்டியெல்லாம் கட்டியாயிற்று, வாசலில் கார் நிற்கிறது. கடிதம் எழுத நேரமில்லை. படத்தின் பின்புறத்தில் எதையாவது எழுதுவோம் என்று பேனையைத் திறந்தான். தோட்டம் என்று எழுதினால் ஊரில் புகையிலைத் தோட்டம், வெங்காயத் தோட்டம் என்றுதான் நினைப்பார்கள். வீட்டைச் சுற்றி இருக்கிற நிலத்துக்கு அவனுக்குத் தெரிந்த சொல் ஒன்றுதான்.

“வளவுக்குள் எடுத்தது. பின்னுக்குத் தெரிவது வீடு.”

அவ்வளவுதான் எழுதினான். ஊரில் ஒருவன் தன் படத்துக்குப் பின்னால் வளவு என்று எழுதினால், அது யாருடைய வளவு என்று கேட்க ஆளில்லை; அவனுடையதுதான்.

மூன்று கிழமையில் தாயின் கடிதம் வந்தது. அவன் அதை வாசுதேவனுக்கு வாசித்துக் காட்டினான்.

“தம்பி, படம் கிடைச்சது. வளவு நல்ல விசாலம். வேலி ஏன் இன்னும் அடைக்கேல்ல? மாடு வரும். கிணறு எந்தப் பக்கம்? பின்வளவில ஒரு முருங்கை வை.”

வாசுதேவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு நிறுத்தினான்.

“உங்க சொந்த வீடுன்னே நினைச்சுட்டாங்க போலருக்கே.”

“ஓம்.”

“இன்னிக்கே எழுதிப் போடுங்க.”

“எழுதுறன், எழுதுறன்.”

கடிதத்தின் அடியில் இருந்த இரண்டு வரியை அவன் வாசித்துக் காட்டவில்லை. “கோயிலடியில முகம் பாராத சனமெல்லாம் இப்ப நிண்டு கதைக்குது. கொப்பர் கண்ணை மூடின பிறகு இப்பத்தான் ஒரு நாள் நல்லா நித்திரை கொண்டனான்.” அந்த நித்திரையைக் கெடுக்க அவனுக்குக் கை வரவில்லை. இந்தக் கிழமை எழுதுவோம், நத்தார் லீவில் எழுதுவோம் என்று நாள் போயிற்று. நீலக் கடிதத்தாளில் “அன்புள்ள அம்மாவுக்கு” என்று ஒரு வரி எழுதியது தலையணைக்குக் கீழே இரண்டு மாதம் கிடந்தது.

தையில் அடுத்த கடிதம் வந்துவிட்டது. யோகராணிக்குக் கலியாணம் பொருந்திவிட்டதாம். மாப்பிள்ளை ஈஸ்வரமூர்த்தி, சங்கக்கடை மனேச்சர். மகளுக்கு வீடு எழுதுகிற தாய், சாகும்வரை அதில் இருக்கிற உரிமையைத் தனக்கு வைத்துக்கொண்டுதான் காணி உறுதி முடிப்பாள். சீவிய உருத்து என்பார்கள். எத்தனை ஏழையானாலும் ஊரில் எந்தத் தாயும் அதை விடுவதில்லை.

“மாப்பிள்ளை பகுதி ஒண்டும் வைக்காமல் முழுக்க எழுதச் சொல்லிச்சினம். நானும் ஓமெண்டு கையெழுத்து வைச்சிட்டன். உன்ர அவ்வளவு பெரிய வளவு இருக்க எனக்கு ஏன் ராசா சீவிய உருத்து?”

பக்டரியில் சாப்பாட்டு மேசையில் இருந்து அதை மூன்று தரம் வாசித்தான். தந்தி அடிக்கலாமா என்று ஒரு யோசனை. கடிதத்தின் தலைப்பில் திகதியைப் பார்த்தான். கையெழுத்து வைத்தே பதினைந்து நாளாகிவிட்டது. மணி அடித்தது, எழுந்து மெசினுக்குப் போனான்.

தாயைக் கூப்பிட விண்ணப்பம் போட்டான். பின்னறையை விட்டு வேறு வீடு பார்க்கலாம், தாய் வந்தால் எப்படியும் சமாளிக்கலாம் என்று நினைத்தான். கொழும்பில் எடுத்த எக்ஸ்ரேயில் நாகேஸ்வரியின் நெஞ்சில் ஒரு பழைய வடு தெரிந்தது. இளவயதில் வந்து மாறின சயரோகம். விசா இல்லை என்று கடதாசி வந்தது. மறுபடி எழுதினான்; மறுபடியும் இல்லை.

ஆடியில் யோகராணி எழுதினாள்.

“அண்ணா, அம்மா இப்ப குசினிக்குப் பக்கத்து ஓலைச் சாய்ப்புக்குள்ள படுக்கிறா. நான் இவருக்குச் சொல்லிப் பாத்தனான், கேக்கிறார் இல்லை. மாளிகை வைச்சிருக்கிற மகன் இருக்க, மாமி ஏன் என்ர வீட்டில எண்டு வாற போற ஆக்களுக்கு முன்னாலயும் சொல்லுறார். அம்மா உங்கட வீட்டில தனக்கெண்டு இருக்கிற அறையை ஒருக்காப் படம் எடுத்து அனுப்பட்டாம்.”

அந்த ஞாயிறு வாசுதேவனின் கமராவை வாங்கிக்கொண்டு தனியாகப் போனான். அங்கே ஆடி குளிர்காலம், மழைத்தூறல். மாளிகைக்குள் எல்லா அறை வாசலிலும் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. பெரிய அறைகளில் பட்டுத் திரையும் பொன் முலாம் பூசிய கண்ணாடியும். அதையெல்லாம் விட்டுவிட்டுப் பின்படியால் மேலே ஏறினான். முற்காலத்து வேலைக்காரி இருந்த அறை ஒன்று இருந்தது. ஒடுக்கமான இரும்புக் கட்டில், முகம் கழுவுகிற கோப்பை, ஒரு யன்னல். சாமிப் படங்களை அம்மா அந்த யன்னல் பக்கம்தான் வைப்பாள் என்று ஒரு நினைவு வந்தது. அப்படி நினைத்ததற்குத் தன்னையே வைதுகொண்டான்.

“படம் எடுக்கலாம், பிளாஷ் மட்டும் வேண்டாம்,” என்றாள் காவலுக்கு இருந்த வெள்ளைக்காரக் கிழவி. “எல்லாரும் கீழே பெரிய அறைகளைத்தான் எடுப்பார்கள்.”

“அம்மாவுக்கு இது காணும், பெரிய அறை தேவையில்லை,” என்று அவன் தமிழில் சொன்னான். அவள் விளங்கினவள் மாதிரித் தலையாட்டினாள்.

படம் இருண்டுதான் வந்தது, ஆனாலும் கட்டில் தெரிந்தது. கயிறு ஒரு மூலையில் கோடு போட்ட மாதிரி விழுந்திருந்தது. அதோடு வைக்க இந்த முறை ஒரு கடிதமும் எழுதினான், நாலு பக்கம். இது என்ர வீடில்லை அம்மா, சனம் ரிக்கற் எடுத்துப் பார்க்கிற நூதனசாலை. நான் பின்னறை ஒன்றில் ஒரு சிநேகிதனோடு இருக்கிறன். வளவு என்று எழுதினது என்ர பிழை. உங்களைக் கூப்பிட இனி வழியில்லை. எல்லாவற்றையும் எழுதி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து கட்டிலில் முகம் குப்புறக் கிடந்தான். வாசுதேவன் தேத்தண்ணி போட்டு வைத்தான். 

மறுமொழி யோகராணியின் கையெழுத்தில் வந்தது.

“அண்ணா, உங்கட கடிதம் வந்த நேரம் அவர் வேலைக்குப் போயிட்டார். அம்மா தானே வாசிச்சா. திருப்பியும் வாசிச்சா. பிறகு அடுப்புக்குள்ள வைச்சிட்டா. அவருக்குச் சொல்லிப்போடாதை எண்டு என்ர தலையில சத்தியம் வாங்கினவ. மாமி எப்பிடியும் போயிடுவா, பிறகு எங்களையும் கூப்பிடுவினம் எண்டுதான் அவர் பொறுத்துக்கொண்டிருக்கிறார். அது இல்லையெண்டால் சாய்ப்பும் இல்லை. அம்மா படத்தைச் சாய்ப்புச் சுவரில ஒட்டி வைச்சிருக்கிறா. ஆரும் கேட்டா, அறை ஆயத்தம், விசாதான் பிந்துது எண்டு சொல்லுறா. இனி உப்பிடிக் கடிதம் எழுத வேண்டாமாம். படம் மட்டும் அனுப்பட்டாம்.”

அதற்குப் பிறகு அவன் கடிதம் எழுதவில்லை, படம் அனுப்பினான். குளத்தங்கரையில் ஒன்று, பாலத்தில் ஒன்று, வெயில் காலத்தில் தூணடியில் ஒன்று. வாசுதேவனுக்கு சிட்னியில் நல்ல வேலை கிடைத்துப் போகும்போது, “நீங்கதான் அதிகமா யூஸ் பண்றீங்க, வச்சுக்கங்க,” என்று கமராவை விட்டுவிட்டுப் போனான். ரிக்கற் கொடுக்கிறவள் அவனுக்கு இந்த மாளிகை மேல் பெரிய பிரியம் என்று நினைத்து, மற்றவர்களுக்கும் காட்டிச் சொல்லுவாள். ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் அவன் அதையே எழுதினான். “வளவுக்குள் எடுத்தது.” இப்போது அது பொய் என்று தெரிந்தே எழுதினான். வாசிக்கிறவளுக்கும் தெரியும்.

எழுபத்தேழு வைகாசியில் எடுத்த படத்தில் புல்வெளி தெரியவில்லை. அங்கே அது இலையுதிர் காலம்; மரமெல்லாம் உதிர்ந்து, வாசற்படி வரைக்கும் மஞ்சள் இலை.

இரண்டு மாதம் கழித்து நாகேஸ்வரியே தன் கையால் எழுதினாள். எழுத்து வரி விட்டு இறங்கியிருந்தது.

“தம்பி, வளவு கூட்டாமல் கிடக்குது. சனம் பாத்தால் என்ன சொல்லும்? விளக்குமாறு வாங்கி வை. நான் வந்து கூட்டுறன்.”