பலகைக்கு வந்த வலைக்கயிறு

ஒல்லாந்தர் கோட்டையில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து நான் எழுதிய ஏடுகளில் துணிப்பொதிகள் உண்டு, கப்பல்கள் உண்டு. தோணிரேவு மருத்துவச்சியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அக்குறை என்னுடையது. அதனைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன். உடைந்த கப்பலொன்றின் பலகையை விரலால் தட்டிப் பார்த்தபடி அவர் நின்ற கோலமே முதலில் நினைவில் எழுகிறது.

அவ்வாண்டு மழையில் பழவேற்காட்டு ஏரிநீர் தோணிரேவுக் குடிசைகளுக்குள் புகுந்திருந்தது. இரு குழந்தைகளுக்குத் தந்தையான மீனவர் ஒருவர் இருமலும் காய்ச்சலுமாக ஈரத்தரையில் கிடந்தார். ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களைக் குடும்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதைப் பாடு என்பர். முறை வந்த நாளில் வீட்டுக்காரர் தம் கையால் வலைக்கயிற்றைத் தொட்டுக் கொடுக்க வேண்டும்; இல்லையேல் அன்றைய பாடு அடுத்த வீட்டுக்குரியது. அதற்கு அஞ்சி, நோயை மறைத்து நீரில் இறங்கியவரை நினைவின்றித் தூக்கி வந்தனர்.

மறுநாள் மருத்துவச்சி கோட்டை வாயிலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாப்பா, எழுதிக்கினே இருக்கியே, அந்தக் கப்பல் பலக மழையில ஊறுதே, அது யாருக்கு? ஈரத்துல படுக்க வெச்சிட்டு எங்கிட்ட மருந்து கேட்டா நான் இன்னா பண்றது?”

கோட்டை அதிகாரியிடம் கேட்டேன், எடுத்துக்கொள்ளச் சொன்னார். பழவேற்காட்டு மரக்காயர் ஒருவர் மூங்கிலும் கூரைக்குப் பனையோலையும் தந்து, தம் ஆட்களையும் அனுப்பினார். ஊரார் கால்கள் நட்டுப் பலகையை உயர்த்தினர். மூன்றாம் நாள் நோயாளி உலர்ந்த இடத்தில் படுத்தார்.

ஆயினும் அடுத்த பாடு நெருங்கியது. “எழுந்து போயிடுவேன்க்கா” என்று அவர் முனகினார். பார்க்க வந்த ஊர்த்தலைவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

“மொறைய மாத்த என்னால ஆவாதும்மா.”

“மாத்தச் சொன்னது யாரு நைனா? கயித்துக்குக் கால் வலிக்குமா? அத்த இங்க எடுத்தாந்தா இவன் தொடமாட்டானா?”

கூரை வேய்ந்துகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டனர். தலைவர் சிரிக்கவில்லை. “எங்க நின்னு தொடணும்னு எங்க நைனா சொன்னதில்லதான்” என்றார்.

பாடு நாளன்று விடியலில் வலை அக்குடிசைக்கு வந்தது. படுத்தவாறே அவர் கயிற்றைத் தொட்டார். பிறர் வலையிட்டனர், மீன் முழுவதும் அவர் வீட்டுக்கே வந்தது. கார்த்திகை முடிவதற்குள் அவர் எழுந்து நடந்தார். பின்னர் எந்த வீட்டில் நோய் கண்டாலும் முதலில் அப்பலகை செல்லும். பாடு நாளில் வலைக்கயிறு அதனைத் தேடிச் செல்லும்.

மருத்துவச்சி மறைந்து நெடுங்காலமாகிறது. இம்மழையில் எனக்கும் காய்ச்சல் கண்டது. கேளாமலே பலகையை என் வீட்டில் கொண்டுவந்து இட்டனர். நேற்றுக் காலை வலையோடு சென்றவர்கள் வாயிலில் நின்றனர். “உனக்கு ஏது பாடு? சும்மா தொடு பெரியவரே” என்று ஒருவன் கயிற்றை நீட்டினான். ஈரமாக, முரடாக இருந்தது. மாலையில் இரண்டு மடவை மீன்கள் வீடு வந்தன.

மூங்கில் தந்த மரக்காயர் தெற்குத் தெருவினரா, கோட்டைத் தெருவினரா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. வேறு பிழைகளும் இருக்கக்கூடும். அறிந்தவர் வந்து திருத்த வேண்டுகிறேன். பலகை வேறு வீட்டுக்குச் செல்லும்வரை இங்கேதான் இருப்பேன்.