இருபத்தேழாம் சால்

என் வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய இரும்புச் சால் கிடக்கிறது. ஏற்றத்தில் கட்டித் தண்ணீர் இறைக்கிற சால். அடி ஓட்டை, விளிம்பு நெளிசல். "ஏன் அத்தே, இந்த ஓட்டையப் போய் வெச்சிகினு இருக்கீங்க? பழைய இரும்புக்குப் போட்டுடலாமே" என்று மருமகள் வருஷத்துக்கு ஒருமுறை கேட்பாள். நான் ஒரு முறை முறைப்பேன், அதோடு போய்விடுவாள். அந்தச் சால் மட்டும் இல்லையென்றால் நான் யார் வீட்டில் யாருக்குச் சோறாக்கிக்கொண்டிருந்திருப்பேனோ, அவளுக்கு என்ன தெரியும்!

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். திருத்தணியில் மலைக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் கழனி. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவாக ஒரே கிணறு. ஆளுக்கு இத்தனை சால் என்று பங்கு. ஏற்ற மரத்தின் மேல் என் அக்கா புருஷன், எங்கள் பாவா, முன்னும் பின்னும் நடப்பார். சால் கிணற்றுக்குள் இறங்கும், ஏறும். கீழே நின்று அதைப் பிடித்துக் கவிழ்ப்பது நைனா. கவிழ்க்கிற ஒவ்வொரு சாலுக்கும் ஓர் அடி பாட்டு, அந்த அடியில் அந்தச் சாலின் எண். பாட்டுதான் கணக்கு. எண் தப்பினால் பங்கு தப்பும், பங்கு தப்பினால் அண்ணன் தம்பி மண்டை உடையும். நைனா ஒருநாளும் தப்பவிட்டதில்லை. எண்ணுக்கு நடுவில் ஊர்க்கதையையும் அதே மெட்டில் சொருகிவிடுவார். யார் வீட்டு மாடு ஈன்றது, யார் வீட்டில் சண்டை, எல்லாம் கிணற்றங்கரையிலேயே தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்ட குரல் அது, கல் மாதிரி கனம்.

அந்தக் குரல் ஒரு காலை நேரத்தில் நின்றுபோயிற்று. கூழ் குடித்துக்கொண்டிருந்தவர் சாய்ந்துவிட்டார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, பேச்சு இனிமேல் வருவது கஷ்டம் என்று சொல்லிவிட்டார். நைனாவிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல். ஆங். பசிக்குதா? ஆங். பசிக்கலியா? ஆங். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடுவாள். சொல்ல வந்தது வேறு என்று நைனாவின் கண்ணைப் பார்த்தாலே தெரியும். ஐயோ, அந்தக் கண்ணைப் பார்க்க முடியாது.

அந்த 'ஆங்'கைத்தான் சித்தப்பா பிடித்துக்கொண்டார். நான் எட்டாவது தேறி, மிஷன்காரர்கள் நடத்திய ஆசிரியை டிரெயினிங் பள்ளியில் இடம் கிடைத்துக் காத்திருந்த சமயம். போகச் சொன்னதே நைனாதான். அது அவரும் நானும் மட்டும் பேசிக்கொண்டது, அம்மாவுக்குக்கூடத் தெரியாது. சித்தப்பாவின் மைத்துனர் கே.ஜி.கண்டிகையில் இருந்தார். பெண்டாட்டி செத்து இரண்டு பிள்ளைகளோடு நின்றவர், என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். ஒருநாள் சித்தப்பா நாலு பேரைக் கூட்டி வந்து நைனா எதிரில் உட்கார்ந்தார். "அண்ணே, பொண்ண எம்மச்சானுக்குத்தான் குடுப்பேன்னு வாக்கு குடுத்தியே, ஞாபகம் இருக்குதா?" நைனா சொன்னார், "ஆங்." நான் குறுக்கே பாய்ந்து, "நைனா, நான் படிக்கப் போலாம்னு சொன்னீங்கல்ல?" என்றேன். அதற்கும் "ஆங்." நாலு பேரும் முதல் ஆங்கைத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். தாம்பூலம் மாற்ற நாள் குறித்தாயிற்று.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆள் இல்லாமல் அப்போது சால் பிடிப்பது நான்தான். மறுநாள் நைனாவைக் கிணற்றங்கரைப் புங்கமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு இறங்கினேன். பெண்பிள்ளை ஏற்றப்பாட்டு பாடுவதா என்று போவோர் வருவோர் சிரித்தார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். வாய் பாடியது, மனசு கண்டிகையில் இருந்தது. இருபத்தாறு பாடினேன். அடுத்த சாலுக்கு இருபத்தெட்டு என்று பாடிவிட்டேன்.

"இருபத்தேழு வந்தாச்சு! எறங்கு சாலே எறங்கு!"

பாவாவின் கால் மரத்தின் மேலேயே நின்றுவிட்டது. என் கையிலிருந்து சால் நழுவிக் கிணற்றுச் சுவரில் மோதியது, அந்த நெளிசல் அப்போது விழுந்ததுதான். திரும்பிப் பார்க்கிறேன், மரத்தடியில் நைனா! முகமெல்லாம் சிவந்து, இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டு, முழுசாக, தெளிவாக, கணீரென்று! தன் பங்கில் ஒரு சால் களவு போவதை அவரால் பொறுக்க முடியவில்லை. "நைனா, பேசுங்க நைனா!" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். "ஆங்," என்றார். பாவா மேலிருந்து கத்தினார்: "பேசச் சொல்லாத புள்ள, பாடச் சொல்லு!"

பாடினோம். நான் எண்ணைப் பாட, அவரும் பாடினார். முப்பது, நாற்பது, அறுபது! நைனாவின் கண்ணில் தண்ணீர், பாவா மூக்கைச் சிந்துகிறார், வாய்க்கால் உடைத்துக்கொண்டு தண்ணீர் ரோட்டுக்கே போய்விட்டது, யாருக்கு அது நினைவு? அந்த வாரம் முழுக்க இதே வேலை. மெட்டு ஓடத் தொடங்கிவிட்டால் எண்ணோடு கூட மற்றச் சொற்களும் ஒவ்வொன்றாக வந்தன. அம்மாவிடம் உப்பு குறைச்சல் என்று பாடியே சொன்னார். அம்மா குழம்புச் சட்டியோடு தரையில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள். மெட்டை நிறுத்தினால் பழையபடி ஆங். சித்தப்பா வீட்டுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை, அவர்கள் இறைக்கிற வேளையில் நைனாவைக் கிணற்றங்கரைக்கே கூட்டிப்போகவில்லை. சொன்னால் தாம்பூலத்தை முந்திக்கொண்டு மாற்றிவிடுவார்.

அந்த நாளும் வந்தது. கண்டிகைக்காரர்கள் இருபது பேர், தட்டு, வெற்றிலை, பழம், பூ. "அண்ணே, தட்டு மாத்திக்கலாமா?" என்றார் சித்தப்பா. கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோன நைனா, "ஆங்." பட்டுப்புடவையோடு நான் எழுந்து கொல்லைக்குப் போனேன். சாலைத் தூக்கி வந்து நடுவீட்டில் கவிழ்த்து, அதன்மேல் தட்டி, ஒன்றிலிருந்து பாடத் தொடங்கினேன். "பொண்ணுக்குப் பைத்தியமா?" என்றாள் ஒரு கிழவி. சித்தப்பா என் கையைப் பிடிக்க வந்தார், பாவா குறுக்கே நின்றுகொண்டார். பத்து, பதினைந்து, இருபது. நைனா பேந்தப் பேந்த விழிக்கிறார், வாய் திறக்கவில்லை. இருபத்தாறு வரைக்கும் வந்துவிட்டேன். சட்டென்று, இருபத்தெட்டு என்றேன்.

"இருபத்தேழு வந்தாச்சு!" என்று வீடே அதிர நைனா பாடினார். வெற்றிலைத் தட்டு ஏந்தியிருந்தவள் தட்டைக் கீழே போட்டாள். விடுவேனா? அதே மெட்டில், "இருபத்தெட்டு வந்தாச்சு, வாக்கு யாருக்குத் தந்தாச்சு?" என்று கேட்டேன். இடது கை தொடையில் விழ விழ, நைனா சித்தப்பாவைப் பார்த்தே பாடினார்:

"குடுக்கலியே குடுக்கலியே, வாக்கு ஒண்ணும் குடுக்கலியே! படிக்கப் போவுது எம்பொண்ணு, பாத்துப் பேசு தம்பி நீ!"

சித்தப்பா வெலவெலத்துப்போய், "அப்போ இந்தக் கல்யாணம் வேணாங்கறியாண்ணே?" என்றார். நைனா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "ஆங்." கண்டிகைக்காரர்களே சிரித்துவிட்டார்கள். அந்த மைத்துனர் நல்ல மனுஷன், பாவம், அவருக்கும் இதெல்லாம் தெரியாது. எழுந்து வந்து நைனாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

டிரெயினிங்குக்கு ரயிலேறிய அன்று நைனா பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, நான் எப்போது லீவுக்கு வருவேன் என்று ஏற்ற மெட்டில் கேட்டார். ஸ்டேஷன் முழுக்க வேடிக்கை பார்த்தது, எனக்கு வெட்கமே இல்லை. கடைசிவரை அவருக்குப் பேச்சு திரும்பவில்லை. இருந்த ஆறு வருஷமும் பாடியே குடும்பம் நடத்தினார், பாடியே சண்டையும் போட்டார். பேச்சு போனவர்களுக்கும் பாட்டு தங்குவதுண்டு என்று பிற்பாடு ஒரு பெரிய டாக்டர் எனக்கு விளக்கினார். எங்களுக்கு அதைக் கிணற்றங்கரையே சொல்லிவிட்டது என்றேன்.

முப்பத்தோரு வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தேன். எண் சொல்லித்தரும்போது வேண்டுமென்றே இருபத்தேழை விட்டுவிடுவேன். வாயே திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருக்கிற ஏதாவது ஒரு வாண்டு பொறுக்க முடியாமல், "டீச்சர், இருபத்தேழு!" என்று கத்தும். அன்றைக்கு எனக்குத் திருவிழாதான். இப்போது பள்ளிக்கூடமும் இல்லை. காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது செம்பு செம்பாக எண்ணிப் பாடுகிறேன். இருபத்தாறுக்கு அப்புறம் இருபத்தெட்டு என்று பாடிவிட்டு, அந்த நெளிந்த சாலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். யாரும் திருத்துவதில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, விட்டுப்போன ஒன்றை நைனா குரலில் நானே பாடிக்கொள்கிறேன்.