பருப்புக்கு முன் சாம்பார்

இக்குறிப்பை எழுதியே ஆகவேண்டிய நிலை சென்ற மாதம் ஏற்பட்டது. நாகர்கோவிலில் எனக்கொரு பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். வாழ்த்திப் பேசிய ஒருவர், "ஐயா அறிந்தவை அனைத்தும் நூல்களிலிருந்தே பெற்றவை" என்றார். அவை கைதட்டியது. மூன்றாம் வரிசையில் இருந்த என் நண்பர் மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவர் ஏன் சிரித்தார் என்பது எனக்குத் தெரியும்; மேடையில் அதைச் சொல்லும் துணிவு வரவில்லை. அப்புகழுரை விழா மலரில் அச்சேறப் போகிறது என்கிறார்கள். அதற்கு முன் உண்மையும் எழுத்தில் இருக்க வேண்டும். என் இருபத்து மூன்றாம் அகவையில் நான் கற்ற தலையாய பாடத்தைப் பந்தியில்தான் கற்றேன்.

அப்போது முதுகலைத் தேர்வு எழுதி முடிவுக்குக் காத்திருந்தேன். எங்கள் ஊர் சிதறாலை அடுத்தது. காலையுணவு முடிந்ததும் நூலும் கையுமாக மலையேறி, பழைய சமணக் கோயிலருகே பாறை நிழலில் அமர்ந்தால், பொழுது சாயும்போதுதான் இறங்குவேன். தந்தையார் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டில் அம்மா, தங்கை, நான் மூவரே. வைகாசியில் தங்கைக்கு வரன் அமைந்தது, மணமகன் நாகர்கோவில். ஆவணியில் எங்கள் வீட்டுப் பந்தலில் திருமணம்.

சமைப்பதற்குத் தவசிப்பிள்ளை வந்துவிடுவார். விளம்புவதோ (பரிமாறுவதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்) ஊர் இளைஞர்களின் பொறுப்பு. கூலிக்கு ஆள் வைப்பது வழக்கமில்லை. எவர் வீட்டுப் பந்தியில் நீ இலை போட்டாயோ, அவர் உன் வீட்டுப் பந்திக்கு வருவார். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, யாரும் மறப்பதுமில்லை.

நான் எவர் வீட்டிலும் இலை போட்டதில்லை. முதற்பந்தியில் உண்டு கைகழுவி மலைக்குத் திரும்பிவிடுவேன். அது குறை என்றே எனக்குத் தோன்றியதில்லை, தங்கை கேட்கும் வரை.

"அண்ணே, எனக்க கல்யாணத்துக்கு யாரு வெளம்புவா?"

"ஊர்ல பயலுவ இருக்கானுவல்லா."

"அவனுவ எதுக்கு வரணும்? நீ எந்த வீட்டுல போயி ஒரு எலை போட்ட? நீ இருக்கப்பட்ட பாறைய கூப்பிடு, அது வந்து வெளம்பட்டு."

"ஏட்டி, சும்மா இரி" என்று அம்மா அவளை அடக்கினார். ஆனால் அவள் சொன்னது தவறென்று சொல்லவில்லை. மூவருக்கும் அச்சம் ஒன்றே. பெண் வீட்டுப் பந்தி சீர்குலைந்தால் அப்பேச்சு பெண்ணோடு புகுந்த வீட்டுக்கும் போகும். தகப்பனில்லா வீட்டுக் கவனிப்பு இவ்வளவுதான் என்ற சொல்லை அவள் வாழ்நாளெல்லாம் கேட்க நேரும்.

மறுநாள் முற்பகலில் நண்பரைத் தேடிப் போனேன். பள்ளியில் என்னோடு படித்தவர். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுபவர். ஊர்ப் பந்திகளில் முன்னிற்பவரும் அவரே. பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"லேய், உங்க கூட்டத்துல என்னையும் சேத்துக்கிடுவியா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "மலையில எடமில்லாம போச்சா மக்கா?"

"தங்கச்சிக்கு ஆவணியில கல்யாணம்."

"அது ஊருக்கே தெரியும். செரி, ஞாயித்துக்கெழம வா. வேட்டிய மடிச்சுக் கெட்டிக்கிட்டு வரணும், கேட்டியா. புஸ்தகம் வேண்டாம்."

முதல் நாளே பாதி வரிசையில் இலையைத் திருப்பிப் போட்டேன். நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பதை அறிவேன். எதிரே நின்று போடுபவனுக்கு இடமும் வலமும் மாறும் என்பது கைக்கு எட்டவில்லை.

அடுத்த வாரம் நிகழ்ந்தது அதனினும் பெரிது. சாம்பார் வாளி என் கையில் இருந்தது. சாம்பாருக்கு முன் போக வேண்டிய பருப்பை விளம்புபவர், நெய் கொண்டுவருபவருக்காக வரிசைத் தலைப்பில் காத்து நின்றார். விரைந்து செய்வதே வேலை என்றெண்ணிய நான் அவரைக் கடந்து போய், வெறுஞ்சோற்றில் சாம்பாரை ஊற்றிக்கொண்டே நடந்தேன். ஏழெட்டு இலை தாண்டிய பிறகே பந்தி அமைதியாகிவிட்டதை உணர்ந்தேன். பருப்பில் நொறுக்குவதற்காகப் பப்படத்தை எடுத்திருந்த முதியவர், அதைப் பிடித்தபடியே என்னை நோக்கினார்.

"தம்பி எங்க படிக்கியோ?"

"நாகர்கோயில்ல, எம்.ஏ."

"அங்க பருப்பு கெடையாதோ?"

பந்தலே சிரித்தது. அன்று முதல் எனக்குச் 'சாம்பார் எம்.ஏ.' என்று பெயர். மறுநாள் மலைக்குத்தான் போனேன். நூலில் ஒரு பக்கமும் ஓடவில்லை. இங்கேயே இருந்துவிட்டால் என் தங்கைக்கு யார் வருவார் என்ற வினாவே ஒவ்வொரு வரியிலும் வந்து நின்றது. இறங்கிவிட்டேன்.

அடுத்த மூன்று திருமணங்களிலும் நண்பர் தண்ணீர்ச் செம்பை மட்டுமே தந்தார். இழிவாக எண்ணித்தான் வாங்கினேன். ஆனால் தண்ணீர் விடுபவனுக்கே வரிசை முழுவதையும் பார்க்கும் ஓய்வு உண்டு. சோற்றில் குழி பறித்துவிட்டுக் காத்திருக்கும் கைகளைப் பார்த்தேன். போதுமென்று இலையை மறைக்கும் கையின் விரல்கள் இறுகியிருந்தால் மெய்யாகவே போதும். விரிந்திருந்தால் இன்னொரு கரண்டிக்கு இடமுண்டு. வரிசைக் கடைசியில் அமரும் பெண்கள் எதையும் கேட்பதில்லை. அவர்களிடம் நாமே போக வேண்டும். ஆடிக்கு முன்னரே பருப்பு வாளி என் கைக்கு வந்தது. நண்பரே அதை நீட்டினார். பின்னாளில் கிடைத்த எந்தப் பட்டமும் அவ்வளவு கனக்கவில்லை.

திருமண நாள். தாலி கட்டு பத்து மணிக்கு. எட்டரை ஆகியும் பந்தலில் எவருமில்லை. மணக்கோலத்தில் இருந்த தங்கை சன்னல் வழியே பார்த்தாள்.

"அண்ணே, வருவாங்களா?"

அவள் குரலில் கிண்டல் இல்லாததே என்னைக் கலக்கியது. அப்போது தோட்டத்து வழியில் பேச்சரவம் கேட்டது. பால் வெட்டை முடித்து, குளித்த தலை ஈரம் காயாமல், இடுப்பில் துண்டு கட்டி, நண்பரும் அவர் கூட்டத்தாருமாகப் பதினொருவர் வந்தார்கள். நான் பருப்பு வாளியை எடுக்கப் போனேன். நண்பர் பிடுங்கிக்கொண்டார்.

"ஒனக்கு இங்க என்ன வேல? பெண்ணுக்க அண்ணன் வாசல்ல போயி நில்லு. இது எங்க வீட்டுப் பந்தி."

நான்காம் பந்தி முடிந்து இலையும் தீர்ந்த வேளையில், வழியில் பழுதாகி நின்றிருந்த மணமகன் வீட்டாரின் இரண்டாம் பேருந்து வந்து சேர்ந்தது. இருவர் வாழைத்தோட்டத்துக்குள் பாய்ந்தனர். வந்தவர்கள் கைகழுவித் திரும்பும்போது துடைத்த இலைகள், நுனி இடப்பக்கமாக, காத்திருந்தன. எனக்கும் வாசலில் நிற்க இயலவில்லை, செம்பை எடுத்துக்கொண்டேன். வரிசைக் கடைசியில் ஒரு முதிய பெண்மணி கேளாமலே அவர் இலைக்கு இரண்டாம் முறை பிரதமன் பாயசத்தை வரவழைத்தேன்.

மணமகனின் தாய்மாமன் அம்மாவிடம் கேட்டார்: "பெண்ணுக்கு அண்ணன் தம்பிமாரு எத்தன பேரு?"

அம்மா பந்தியை ஒருமுறை பார்த்தார். "பன்னெண்டு. அதுல அந்தச் செம்பு வச்சிருக்கவன் மட்டும் கொஞ்சம் மோசம். பருப்புக்கு முன்ன சாம்பார் ஊத்திருவான்."

அடுத்த வாரம் தேர்வு முடிவு வந்தது, முதல் வகுப்பு. ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பந்தியைத்தான் பேசினார்கள். நாங்கள் அஞ்சிய அச்சொல்லைத் தங்கை இன்றுவரை கேட்டதில்லை.

இதில் பிழைகள் இருக்கலாம். ஏழெட்டு இலையல்ல, பதினான்கு என்கிறார் நண்பர். பாறையை அழைக்கச் சொன்னது தானல்ல என்கிறாள் தங்கை. அப்பந்திகளில் உண்டவர்களும் விளம்பியவர்களும் என் நினைவு வழுவிய இடங்களைத் திருத்தித் தருக. விழா மலரைப் பதிப்பிப்பவரும் 'அனைத்தும் நூல்களிலிருந்தே' என்ற அந்த ஒரு வரியை அன்புகூர்ந்து திருத்திவிடுக.