அக்காவை நிமிர்த்திய வாரம்

சென்ற ஆண்டு தை மாதக் கடைசியில், உத்திரமேரூரை அடுத்த எங்கள் ஊரில் சம்பா அறுவடை முடிந்து, சாலையின் ஒரு பாதி முழுதும் நெல் காய்ந்துகொண்டிருந்த நாள்களில் நிகழ்ந்தது இது. அடுத்த தெருவில் வாழ்ந்த என் மூத்த சகோதரி, ஒரு விடியற்காலையில் நெஞ்சுவலி என்று சொல்லி அமர்ந்தவர், அமர்ந்தபடியே காலமானார். அவருக்கு ஒரே மகன். வளைகுடா நாடொன்றில் கட்டட வேலை பார்க்கிறான். விடுப்பும் பயணச்சீட்டும் கிடைத்து அவன் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க எங்களுக்கு வசதியில்லை. தொலைபேசியில் அழுது ஓய்ந்த பிறகு அவன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"மாமா, நீ எல்லாத்தையும் வீடியோ புடிச்சி அனுப்பு. ஒண்ணு வுடாம புடி. வேற யாரையும் நான் நம்பமாட்டேன்."

தாய்மாமனிடம் இப்படிக் கேட்டால் மறுப்பது எங்ஙனம்? நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கழனியிலும் பின்னர் அரிசி ஆலையிலும் உழைத்தவன். எனக்கிருக்கும் சிறிதளவு தமிழும், எங்கள் சபையில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசித்து வாசித்து வந்து சேர்ந்தது. கைப்பேசி என் மகள் வாங்கித் தந்தது. அதில் சிவப்புப் பொட்டை அழுத்தினால் காணொளி பதிவாகும் என்பதுவரை அறிந்திருந்தேன். அதற்குமேல் எதுவும் அறியாததுதான் அந்த வாரம் முழுவதும் என்னைப் படுத்தி எடுத்தது.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அக்காவின்மீது போர்த்திய கையோடு கைப்பேசியை ஏந்தினேன். பெட்டி வீட்டைவிட்டுப் புறப்பட்டது, கோயிலில் ஜெபம், ஏரிக்கரையோரக் கல்லறைக்கு நடை, மண் போட்டது என யாவற்றையும் துண்டு துண்டாகப் பதிந்தேன். உறவினர் ஒருவர் என் காதில் விழும்படியாகவே சொன்னார்: "கூடப் பொறந்தவ பொட்டில கெடக்குறா, இவரு சினிமா புடிச்சிக்கினு கீறாரு." பதில் கூறினால் அதுவும் பதிவாகிவிடுமே என்று எனக்கு அச்சம்.

மறுநாள் எல்லாத் துண்டுகளையும் அனுப்பிவைத்தேன். அன்று மாலையே மருமகன் அழைத்தான். அவன் குரலில் அழுகையும் வேறொன்றும் கலந்திருந்தன.

"மாமா, எல்லாரும் படுத்துக்கினே நடக்கிறாங்க மாமா."

"யாருடா?"

"எல்லாருந்தான். பாஸ்டரு செவுத்துல ஒட்டிக்கினு ஜெபம் பண்றாரு. பொட்டி தூக்கினு வரவங்க பல்லி மாதிரி தொங்குறாங்க. போனத் திருப்பினா படமும் கூடவே திரும்புது."

அவனுக்குத் தெரிந்தவர்கள் கைப்பேசியில் படம் தானாகத் திரும்புவதை நிறுத்திவைத்து, ஒருவாறு பார்க்க வழிசெய்து தந்தார்களாம். ஆயினும் அவன் கவலை அதுவன்று. வரும் வெள்ளிக்கிழமை அவர்களுக்கு விடுமுறை. நம் பக்கத்து ஆள்கள் அனைவரும் அவன் அறைக்கு வருகிறார்கள். தொலைக்காட்சியில் இதைப் போட்டு, கூடி ஜெபித்து, அன்றுதான் தன் தாயை அடக்கம் செய்வதாக அவன் மனத்தில் வைத்திருந்தான்.

"போனுன்னா திருப்பிக்கலாம் மாமா. டிவிய எப்டித் திருப்புறது? வெள்ளிக்கெழமைக்குள்ள நேரா ஆக்கிக் குடு."

திங்களன்று காலை உத்திரமேரூர் கடைத்தெருவுக்குப் போனேன். முதலில் புகைப்பட நிலையம் ஒன்றில் ஏறினேன். உரிமையாளர் விவரத்தைக் கேட்டதும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சாவு வீடியோவா? இந்தக் கம்ப்யூட்டர்ல ரெண்டு கல்யாணம் ஓடிக்கினு கீது, பெரியவரே. இத்தையும் அதுலயே ஏத்துனேன்னு பொண்ணு வூட்டுக்காரனுக்குத் தெரிஞ்சா என்ன உயிரோட வுடமாட்டான்."

அவர்மீது குற்றமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பேருந்து நிலையத்தருகே ஆதார், பட்டா, பயணச்சீட்டு எல்லாம் எடுத்துத் தரும் கணினிக் கடைக்குப் போனேன். அதை நடத்துபவர் நடுத்தர வயதுப் பெண்மணி. அவரைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நின்றது. அவர் என் கைப்பேசியை வாங்கி இரண்டு துண்டுகளைப் பார்த்தார்.

"எப்டி ஐயா புடிச்சீங்க? ஒருவாட்டி எனக்குப் புடிச்சிக் காட்டுங்க."

காட்டினேன். சிவப்புப் பொட்டு என் கண்ணுக்கு எளிதில் புலப்படாதாகையால், கைப்பேசியைத் தட்டைப்போல் உள்ளங்கையில் கிடத்தி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பொட்டை அழுத்திவிட்டு, பின்னர் நிமிர்த்துவது என் வழக்கம்.

"அதான்!" என்றார் அவர். "படுக்க வெச்சி அழுத்துனா எது மேல, எது கீழன்னு போனுக்குத் தெரியாது. அதுவா ஒண்ண நெனச்சிக்கும். அப்புறம் நீங்க நிமித்தினாலும் ஒத்துக்காது. என்னால இதுக்கெல்லாம் ஒக்கார முடியாது. ஓரத்து கம்ப்யூட்டர்ல எடிட்டிங் சாப்ட்வேர் கீது. ஒருவாட்டி காட்டித் தரேன், நீங்களே பண்ணிக்குங்க."

காட்டித் தந்தார். துண்டைத் தொட வேண்டும், அது மஞ்சளாகும், வளைந்த அம்புக்குறியை அழுத்த வேண்டும், படம் திரும்பும். குழந்தை விளையாட்டு என்று எண்ணினேன். அந்த எண்ணம் அரைமணி நேரம்கூட நீடிக்கவில்லை.

அந்த அம்புக்குறி வலப்பக்கம் மட்டுமே திருப்பும். இடப்பக்கம் ஒருமுறை திருப்ப வேண்டுமானால் வலப்பக்கம் மூன்றுமுறை அழுத்த வேண்டும். நான் நான்குமுறை அழுத்திவிடுவேன். படம் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். ஒருமுறையோடு நிறுத்தினால் சபையார் அனைவரும் தலைகீழாக நின்று பாடுவார்கள். துண்டுகளோ இருபதுக்கும் மேல். சலிப்புற்று எல்லாவற்றையும் ஒருங்கே மஞ்சளாக்கித் திருப்பினேன். சாய்ந்திருந்தவை நிமிர்ந்தன, நான் முன்னரே நிமிர்த்தி வைத்திருந்தவை வரிசையாகச் சாய்ந்தன.

நிமிர்ந்தவற்றிலும் நிம்மதியில்லை. இருபுறமும் கருஞ்சுவர் எழுப்பிய சந்துக்குள் நிற்பவர்களைப்போல் அனைவரும் குறுகிப் போயினர். பெண்மணியிடம் முறையிட்டேன். அவர் யாருடைய கைரேகையையோ பதிந்துகொண்டே, திரும்பிப் பாராமல், "பில்லுன்னு போட்டிருக்கும், தெரைய ரொப்பும், அத அழுத்துங்க" என்றார். அழுத்தினேன். சந்து அகன்றது; போதகரின் தலை போயிற்று. மீண்டும் ஓடினேன்.

"தல வேணுமா, கருப்பு வேணாமா? ரெண்டுல ஒண்ணுதான் கெடைக்கும் பெரியவரே."

போதகரின் தலைதான் வேண்டுமென்று கூறிக் கருஞ்சுவரை ஏற்றுக்கொண்டேன்.

செவ்வாயன்று மாலைக்குள் பெரும்பாலானவற்றை நிமிர்த்திச் சேமித்துக் கைப்பேசியில் ஏற்றிப் பார்த்தால், கணினியில் கம்பீரமாக நின்றவர்களில் பாதிப்பேர் கைப்பேசியில் மறுபடியும் படுத்துவிட்டார்கள். பழைய படுக்கை பற்றிய குறிப்பு ஏதோ உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டிருப்பதாகவும், கைப்பேசி அதை நம்பி இன்னொருமுறை திருப்புவதாகவும் அந்தப் பெண்மணி விளக்கினார். எனக்குப் புரியவில்லை. இறந்தவரைப் புதைத்தாயிற்று, புதைத்த படத்தை நிமிர்த்த முடியவில்லையே என்று வாய்விட்டே புலம்பினேன். பட்டாவுக்காகக் காத்திருந்த ஒருவர், "துக்க வூடா?" என்று என்னிடம் விசாரித்துவிட்டு, தம் முறையை எனக்கு விட்டுக்கொடுத்தார். அவருடைய முறையில்தான் அந்தப் பெண்மணி ஐந்து நிமிடம் என் பக்கம் அமர்ந்து அந்தக் கோளாற்றைச் சரிசெய்தார்.

புதனன்று ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. பெட்டியை மூடுவதற்குமுன், நான் பெட்டியின் பக்கவாட்டில் நின்று, குனிந்து, அக்காவின் முகத்தைப் பதிந்த துண்டு. அதில் முகம் திரையின் குறுக்கே கிடந்தது. அம்புக்குறியை அழுத்தினேன், முகம் தலைகீழானது. மேலும் இருமுறை அழுத்தினேன், நேரானது. நிறைவோடு நிமிர்ந்தபோது, அக்காவுக்கான ஜெபக்கூட்டத்துக்குச் சாமான் வாங்கவந்த என் மனைவி எனக்குச் சோறும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"இன்னாயா பண்ணி வெச்சிருக்கிற? அண்ணிய எழுப்பி நிக்க வெச்சிட்டியே."

"முகம் நேராக இருக்கிறதல்லவா?"

"மூஞ்சி நேராத்தான் கீது. பொட்டியோட நிக்கிறாங்க. பூவெல்லாம் கீழ வுழாம எப்டி ஒட்டிக்கினு கீது பாரு. பாக்கவே பயமா கீது."

அவள் சொன்னபின் எனக்கும் அவ்வாறே தோன்றிற்று. மறுபடி குறுக்கே கிடத்தினேன். பெண்மணி எட்டிப்பார்த்து, "மூஞ்சி நேரா இருந்தாதான் ஐயா டிவில ஜனம் பாக்கும், குறுக்கால இருந்தா எல்லாரும் கழுத்த சாய்ச்சிக்கினு பாப்பாங்க" என்றார். மறுபடி நிமிர்த்தினேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். படுத்திருக்கும் ஒருவருக்கு எந்தப் பக்கம் மேல் என்பதை அதுநாள்வரை எவரும் என்னிடம் கேட்டதில்லை. அந்த அம்புக்குறி நாள் முழுதும் கேட்டது. ஆறிய சோற்றைத் தின்று, இறுதியில், பலர் கூடிப் பார்ப்பதாயிற்றே என்று நிமிர்த்திய முகத்தையே சேர்த்தேன். வியாழனன்று முழுக் காணொளியும் கடல் கடந்து போயிற்று.

வெள்ளியன்று மாலை அழைப்பு வருமென்று கைப்பேசியை மடியிலேயே வைத்திருந்தேன். வரவில்லை. நான் மீண்டும் ஏதோ பிசகிவிட்டேன், அத்தனை பேர் நடுவில் அவன் தலைகுனிந்திருப்பான் என்று உண்ணாமல் கிடந்தேன். மறுநாள் நண்பகலில் அழைத்தான்.

"நல்லா இருந்திச்சி மாமா. எல்லாரும் அழுதாங்க. மண்ணு போடும்போது நானும் ரூமுல எழுந்து நின்னுக்கினேன்."

என் உயிர் திரும்பி வந்தது.

"ஆனா மாமா, அந்த மூஞ்சி வீடியோவ மட்டும் ஏன் மாத்துன?"

"நிமிர்த்தினேன்."

"வேணாம் மாமா. நீ மொத மொத அனுப்புன பாரு, அதான் எனக்கு. போன செவுத்துல சாய வெச்சிட்டு நான் பக்கத்துல படுத்துக்குவேன். மொதல்ல என் தல ஒரு பக்கம், அம்மா தல ஒரு பக்கம் இருந்திச்சி. அப்பால தலகாணிய அந்தாண்டை மாத்திப் போட்டேன். சரியாப் போச்சி. வூட்ல ஒரே பாயில படுத்துக்கினு அம்மா என்னப் பாக்கிற மாதிரி கீது. நீ அனுப்புனதுல நிக்கிறாங்க. நின்னா என்னப் பாக்கல மாமா, எல்லாரையும் பாக்கிறாங்க."

பேசி முடித்ததும் எனக்கு உண்மையில் கோபமே வந்தது. ஒரு நாள் முழுவதையும் விழுங்கிய துண்டு அது ஒன்றுதான். மனைவி, பெண்மணி, அம்புக்குறி என மூவரிடமும் வசைபட்டு நான் நிமிர்த்தியதை, அவன் வேண்டாமென்கிறான்! "இதற்கு நான் போகாமலே இருந்திருக்கலாம்" என்று மனைவியிடம் கத்தினேன். "நான் சொன்னப்போ கேட்டியா?" என்று அவள் உள்ளிருந்து கத்தினாள்.

கோபம் தணியாமலே கைப்பேசியில் அந்தப் பழைய துண்டைத் தேடி எடுத்தேன். சுவரில் சாய்த்து வைத்தேன். தரையில் அதன் எதிரே படுத்தேன். எனக்கும் தலை மாறிப்போயிற்று. எழுந்து மறுபக்கம் தலைவைத்துப் படுத்தேன். அக்கா எனக்கு நேரெதிரே படுத்திருந்தார். அவர் நெற்றியில் ஒரு சாமந்தி இதழ் ஒட்டியிருந்ததை அப்போதுதான் கண்டேன். அடக்கத்தன்று அந்த முகத்துக்கு ஒரு முழம் தொலைவில் நின்றவன் நான். ஆனால் சிவப்புப் பொட்டு எரிகிறதா என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று வராத அழுகை, ஊரார் வந்துபோன பின், அந்த நண்பகலில் வந்தது.

மனைவி வாயிற்படியில் வந்து நின்றாள். "இன்னாயா, நட்டநடுப் பகல்ல செவுத்தப் பாத்துப் படுத்துக்கினு கீற?" என்றவள், திரையைக் கண்டாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு, "கொஞ்சம் நவுந்து படு" என்றாள்.

இப்போது எங்கள் சபையில் எவருடைய காணொளி சாய்ந்துபோனாலும் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எதுவாயினும், முணுமுணுத்துக்கொண்டே வாங்கி, பேருந்தேறிப் போய் அந்த ஓரத்துக் கணினியின்முன் அமர்கிறேன். ஆயினும், பார்க்கப்போகிறவர் நின்றுகொண்டு பார்ப்பாரா, படுத்துக்கொண்டு பார்ப்பாரா என்று கேட்டறியாமல் எந்த முகத்தையும் நான் திருப்புவதில்லை.