கங்காணியின் பல்வலி

வேலை செய்த வரைக்கும் அது எஸ்டேட் பூனை. வாய் புண்ணான பிறகு அது என் தம்பியின் பூனை ஆகிவிட்டது. மேனேஜர் அப்படிச் சொன்னபோது ஃபேக்டரி வாசலில் நின்ற நாங்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். அது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. தம்பி மட்டும் கேட்டான். அவனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தம்பி பெயர் திருச்செல்வம். ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் அடுப்பு அவன் பொறுப்பு. சுருட்டிய கொழுந்தைக் காயவைக்கும் சூடு அந்த விறகு அடுப்பிலிருந்துதான் வருகிறது. தீ கூடினால் தூள் கருகும், குறைந்தால் ஈரம் தங்கும். அவன் ஷிஃப்டில் தூள் கருகியது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. நானும் அதே ஃபேக்டரியில் தூள் சலிக்கும் பக்கம் வேலை செய்கிறேன். கருகியிருந்தால் முதலில் என் மூக்குக்குத்தான் தெரியும்.

பள்ளியில் மூன்றாம் படிவம் வரை படித்தான். பிறகு கொஞ்ச காலம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. அப்பா படுக்கையில் விழுந்ததும் திரும்பி வந்தான். அதை ஒரு தியாகமாக யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வந்த வருஷம், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தானாகவே இறங்கிப் போய், முன்பின் தெரியாதவர்கள் வீட்டிலெல்லாம் சேறு அள்ளினான். வேலைக்கு வராத நாட்களுக்குத் தோட்டத்தில் சம்பளம் வெட்டினார்கள்.

"நான் மண்ண வெட்டுனேன், அவங்க சம்பளத்த வெட்டுனாங்க. சரியாப் போச்சுக்கா" என்று சிரித்தான். எனக்கு அன்றும் சிரிப்பு வரவில்லை.

பூனை விறகு லோரியில் வந்தது. கட்டைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்த கையளவுக் குட்டி. சாம்பல் நிறம், வாயைச் சுற்றி மட்டும் வெள்ளை. தம்பி அடுப்பறை ஓரத்தில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தான். வளர்ந்ததும் அது காலையும் மாலையும் தூள் அடுக்கும் ஸ்டோரைச் சுற்றி வரும். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று முறைத்துவிட்டுப் போகும். அந்தக் காலத்துக் கங்காணி மாதிரியே இருக்கிறது என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் பெயர் வைத்தார்கள். இப்போது எங்களை வேலை வாங்குகிறவரை மண்டோர் என்கிறோம். கங்காணி என்றால் அது பூனைதான்.

அது வருவதற்கு முன் ஸ்டோரில் எலித் தொல்லை தாங்க முடியாது. தூள் கட்டும் காகிதச் சாக்குகளைக் கடித்துப் பாழாக்கும். கங்காணி வந்த பிறகு சாக்குகள் முழுசாக இருந்தன. ஆனால் சாப்பாட்டுப் பொருள் செய்யும் இடத்தில் பிராணி இருக்கக் கூடாது. அதனால் சுத்தம் பார்க்க அதிகாரிகள் வருவதாக இருந்தால் மண்டோர் செல்லையா முதல் நாளே தம்பியிடம் வந்து சொல்வார். தம்பி அதைக் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வருவான். அதிகாரிகளின் வண்டி கேட்டைத் தாண்டியதும் கங்காணி மறுபடி வேலைக்குப் போகும். சுற்றுலாக்காரர்கள் வந்தால் கதை வேறு. மேனேஜரே அதைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டு, எங்கள் ஃபேக்டரி ஸ்டாஃப் என்று இங்கிலீஷில் சொல்லிப் படம் எடுத்துக்கொள்வார். அந்தப் படம் தோட்டத்து டீக்கடைச் சுவரில் இன்றும் தொங்குகிறது.

போன வருஷம் மழைக்காலத்தில் அது சாப்பிடுவதை நிறுத்தியது. பசி இல்லாமல் இல்லை. கிண்ணத்தின் முன் ஆசையாக உட்காரும். ஒரு வாய் கடித்ததும் கத்திக்கொண்டு பின்னால் துள்ளும். கிண்ணம்தான் அடித்துவிட்டது போல அதை மிரண்டு பார்க்கும். எச்சில் நூலாக வடிந்துகொண்டே இருந்தது. முன்காலால் வாயைப் பிறாண்டிப் பிறாண்டி வெள்ளை முடியெல்லாம் பழுப்பாகிவிட்டது. விலா எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்தது.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். மண்டோர் செல்லையா பாதி பெனடோல் காய்ச்சல் மாத்திரை கொடுக்கச் சொன்னார். விறகு வெட்டும் ஒருவன் குறடு எடுத்துக்கொண்டே வந்துவிட்டான். தம்பி அவனை அடுப்பறைக்குள் விடவில்லை. ஈப்போவில் பூனைக்குப் பல் பார்க்கும் கிளினிக் இருக்கிறது, கொண்டு போகப் போகிறேன் என்று தம்பி சொன்னதும் அவன் மனைவி மோகனா என்னிடம் வந்தாள்.

"அண்ணி, எனக்குக் கடவாப்பல்லு வலிச்சப்ப இவரு என்ன சொன்னாரு தெரியுமா? உப்புத்தண்ணில கொப்பளின்னாரு. பூனைக்கு மட்டும் ஈப்போவா? அடுத்த ஜென்மத்துல நானும் அடுப்படியில போய்ப் படுத்துக்கிறேன்லா."

சொல்லிவிட்டு அவளே போய்க் கூடையில் பழைய துண்டை மடித்துப் போட்டாள்.

காய்கறி ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு இறங்கும் லோரியில் போனோம். தம்பி மடியில் கூடை, பின்னால் முட்டைக்கோஸ். டாக்டர் ஒரு சீனப் பெண், சின்ன வயது. கங்காணியின் வாயை மெல்லத் திறந்து காட்டினார். ஈறு செம்பருத்திப் பூ மாதிரி சிவந்து வீங்கிக் கிடந்தது. மலாயில் நிதானமாக விளக்கினார். அதன் உடம்பே அதன் பல்லை எதிரியாக நினைத்துச் சண்டை போடுகிறது. பின்பற்கள் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். முன்னால் உள்ள கோரைப்பற்களை விட்டுவிடலாம். எடுக்காவிட்டால் பட்டினியிலேயே போய்விடும். பெனடோல் கதையைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. அந்தப் பாதி மாத்திரையே அதைக் கொன்றிருக்கும் என்றார்.

எவ்வளவு ஆகும் என்று தம்பி கேட்டான். ஆயிரத்து அறுநூறு வெள்ளி. பிடித்தமெல்லாம் போக அவன் கைக்கு வரும் மாதச் சம்பளம் அதைவிடக் குறைவு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எது எதற்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. வாயைத் திற என்று பூனையிடம் சொல்ல முடியாது, அதனால் மயக்க மருந்து. மயக்கம் தாங்குமா என்று பார்க்க முதலில் இரத்தப் பரிசோதனை. வேர் உடைந்து உள்ளே தங்கினால் மறுபடி சீழ் பிடிக்கும், அதனால் எக்ஸ்ரே. முடியும் வரைக்கும் மூச்சைக் கவனிக்க ஓர் ஆள். எதை வேண்டாம் என்று சொல்வது? தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நியாயம். கூட்டினால் மட்டும் அநியாயம். என் கடவாய்ப்பல்லை அரசாங்கக் கிளினிக்கில் ஒன்றிரண்டு வெள்ளிக்குப் பிடுங்கினார்கள், மீதியை அரசாங்கம் பார்த்துக்கொண்டது. பூனைக்கு அப்படி யாரும் இல்லை. அதை வைத்து வேலை வாங்குகிறவன்தான் பார்க்க வேண்டும்.

மருந்து ஊசி ஒன்று போட்டு, சீக்கிரம் வந்துவிடுங்கள் என்று அனுப்பினார். திரும்பி வரும் வழியில் தம்பி கூடையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பிரிஞ்சாங் ஊரைத் தாண்டியதும் கேட்டான்.

"அக்கா, அதுக்குச் சம்பளம் கேக்கலயே. சீக்கு வந்தா பாக்கணும்ல. தோட்டத்துல அதானே வழக்கம்?"

வழக்கம் அதுதான். எங்கள் தோட்டத்தில் காலையில் எல்லாரும் வரிசையில் நின்று, பேர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுப்பதைப் பெரட்டு என்போம். உடம்பு சரியில்லாதவர்கள் வீட்டில் படுத்துக்கொண்டு சொல்லி அனுப்ப மாட்டார்கள். பெரட்டுக்கு வந்து, வரிசையை விட்டுத் தள்ளி மரத்தடியில் நிற்பார்கள். மண்டோர் வந்து என்ன சீக்கு என்று கேட்பார். கிளினிக்குக்குத் துண்டுச் சீட்டு கொடுப்பார், நடக்க முடியாவிட்டால் தோட்டத்து வேனில் ஏற்றி அனுப்புவார். செலவு தோட்டத்துடையது. எங்கள் அப்பா காலத்திலும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

மறுநாள் பெரட்டில் தம்பி கூடையோடு போய் மரத்தடியில் நின்றான்.

மண்டோர் செல்லையா கிட்டே போய், "உனக்கு என்னடா சீக்கு?" என்றார்.

"எனக்கு இல்ல மண்டோர். கங்காணிக்கு. பல்லு."

வரிசை முழுக்கச் சிரித்தது. பூனைக்கு லீவு எழுது, பூனைக்குப் பென்ஷன் எழுது என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அந்தச் சமயம் பார்த்து மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார். அவரைத் துரை என்றுதான் இன்னும் கூப்பிடுகிறோம். என்ன கூட்டம் என்று கேட்டார். தம்பி கூடையைத் திறந்து காட்டி, ஈப்போ டாக்டர் சொன்னதையும் தொகையையும் சொன்னான். முழுசும் வேண்டாம், முடிந்ததைக் கொடுங்கள், கொண்டு போக வேனையாவது அனுப்புங்கள் என்றான். இதைவிடத் தாழ்மையாக ஒருவன் கேட்க முடியாது.

மேனேஜர் கூடைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபேக்டரியில பூனையே கிடையாது. ஆடிட்ல அப்படித்தான் இருக்கு. இது உன் பூனை, திருச்செல்வம். வேனுக்கு டீசல் ஊத்துறது பூனைக்கு இல்ல."

சுவரில் தொங்கும் படம் எனக்கு ஞாபகம் வந்தது.

தம்பி மேனேஜரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான். "அது எப்படித் தொர? எலி பிடிக்கிறப்ப யாரு பூனை?"

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரிங்க. என் பூனைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இங்க இருக்கிற எல்லாரும் கேட்டாச்சு. என் பூனை என் வீட்டுல இருக்கும்."

கூடையை மூடி என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டான்.

மோட்டார் சைக்கிளை விற்றான். பழையதுதான், ஆனாலும் வேலைக்குப் போக அவனுக்கு இருந்தது அது ஒன்றுதான். சீட்டுப் பணம் எடுத்துத் தருகிறேன் என்று நான் சொன்னதற்கு, உன் பூனையா என்று கேட்டு என் வாயை அடைத்தான். மறுபடி முட்டைக்கோஸ் லோரி. அறுவைச் சிகிச்சை முடிந்து, பிடுங்கிய பற்களை டாக்டர் சின்ன டப்பாவில் போட்டுக் காட்டினார். இவ்வளவு வலியை வாயில் வைத்துக்கொண்டா சாக்கைக் காவல் காத்தது? தம்பி டப்பாவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அன்றிலிருந்து அவன் நடந்துதான் வேலைக்குப் போகிறான். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஃபேக்டரிக்கு நல்ல ஏற்றம். பனியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறுவான். தோட்டத்து வேன் அவனைக் கடந்து போகும், நிற்காது. பூனைப் பல்லுக்கு மோட்டாரை விற்ற மடையன் என்று ஊரெல்லாம் பேச்சு. ரிங்லெட் கடையில் ஒருவர் என்னிடமே கேட்டார், உன் தம்பிக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று. அவன் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்றேன். வேலை வாங்கிவிட்டு வைத்தியத்துக்குக் கை விரிப்பவர்களை யாரும் அப்படிக் கேட்பதில்லை. அந்தக் கேள்வி எப்போதும் செலவு செய்தவனுக்குத்தான் வருகிறது.

கங்காணி வீட்டில் இருந்தது. ஸ்டோர் காலியாகக் கிடப்பது எலிகளுக்கு யாரோ தந்தி அடித்தது போலத் தெரிந்துவிட்டது. முதலில் ஓரத்தில் கிடந்த சாக்குகள் ஓட்டையாயின. பொறி வாங்கி வைத்தார்கள், பசை அட்டை வைத்தார்கள். அட்டையில் மண்டோரின் செருப்புதான் ஒட்டியது. பிறகு அதிகாரிகள் வந்தார்கள். எந்தப் பூனையையும் மறைக்க வேண்டிய தேவை இல்லாத முதல் தடவை அது. ஸ்டோர் மூலையில் எலிப் புழுக்கையைக் கண்டு, சரிசெய்யாவிட்டால் தூள் வெளியே போகாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று மத்தியானம் எங்கள் லயத்து வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. தோட்டத்து வேன். பூனைக்கு டீசல் இல்லாத அதே வேன். மண்டோர் செல்லையா இறங்கினார். கையில் புதுக் கூடை, உள்ளே மெத்தை வேறு.

தம்பி வாசற்படியில் உட்கார்ந்து கங்காணிக்கு அவித்த கெம்போங் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. "என்ன மண்டோர், யாருக்குச் சீக்கு?"

"போட்டுத் தாக்காதப்பா. தொர கொண்டாரச் சொன்னாரு. மோட்டாருக்கும் ஏதோ பாத்துக் குடுக்கிறேன்னு சொல்றாரு."

"எதக் கொண்டாரச் சொன்னாரு?"

"பூனையத்தான்."

"யாரு பூனைய?"

செல்லையா தெருவைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கடைசியில் தணிந்த குரலில் சொன்னார். "நம்ம பூனதான்பா."

"அத நீங்க சொன்னா பத்தாது அண்ணே. என் பூனைன்னு பெரட்டுல வச்சுத்தானே சொன்னாரு? நம்ம பூனைன்னும் பெரட்டுலயே சொல்லட்டும். சீக்கு வந்தா தோட்டம் பாக்கும்னு சேத்துச் சொல்லட்டும். காசு எனக்கு வேணாம். சொன்ன அன்னைக்கே கூடையோட வரேன்."

வேன் காலியாகத் திரும்பிப் போனது.

மேனேஜர் இன்றுவரை சொல்லவில்லை. ஸ்டோரில் எலி ஓடுகிறது. டீக்கடைச் சுவரில் அவர் பூனையோடு சிரித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு நாளும் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் தம்பி அவர் முகத்தைப் பார்க்கிறான். அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பிறகு தம்பி அடுப்புக்குப் போகிறான். தூள் இன்னும் கருகவில்லை.

சாயங்காலம் அவன் இறக்கத்தில் நடந்து வரும்போது கங்காணி வாசற்படியில் காத்திருக்கும். மீனை வைத்தால் குனிந்து தின்கிறது. நடுவில் கத்துவதில்லை, பின்னால் துள்ளுவதில்லை. கிண்ணத்தை நகர்த்தி நகர்த்தி நக்கி முடித்துவிட்டு, அந்தக் காலத்துக் கங்காணி போலவே எங்களை ஒரு முறை முறைத்துப் பார்க்கிறது.